அட்டையில் விட்டுப்போன ஓட்டை

முதல் பக்கத்தில் பன்னிரண்டு பளிச்சென்று தெரிந்தது. சொன்னேன். டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கேப்பையும் உளுந்தும் கலந்து கொட்டின மாதிரி, வட்டம் நிறையப் புள்ளிகள்தான் கிடந்தன.

"என்ன நம்பர் தெரியுது?"

அவர் கேட்ட தோரணையிலிருந்து அங்கே ஒரு நம்பர் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். "இருபத்தஞ்சு சார்" என்றேன். அடுத்த பக்கத்திலும் புள்ளிதான். "நாப்பத்தாறு" என்றேன். டாக்டர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும் தம்பி. ரயிலுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு ஊகத்துல பதில் சொல்ல முடியாது. உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. யாரும் சொன்னதில்லையா?"

யாரும் சொன்னதில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, ரயில் வேலைக்கு எழுதிப் போட்டு, எல்லாம் முடிந்து, கடைசியாக மதுரையில் உடம்பைப் பார்க்கிற நாள். அதுவரை ஊர் உலகத்தில் எல்லோருக்கும் என்னை மாதிரித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மிளகாய் பழுத்துவிட்டதா என்று நான் தொட்டுப் பார்ப்பேன். மற்றவர்கள் தூரத்திலிருந்தே சொல்வதைப் பழக்கம் என்று எண்ணிக்கொள்வேன்.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் அக்கா காத்திருப்பாள். அம்மா போன பின் என்னை வளர்த்தவள் அவள். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தாலும், என் மதுரைப் பயணத்துக்காகவே முதல் நாள் வந்து தங்கியிருந்தாள். கண்ணில் குறை என்று சொன்னால் ஊருக்குள் எனக்குக் குருடன் என்று பேராகிவிடும். அப்புறம் எவன் பெண் கொடுப்பான்?

"ஏலே, என்னல ஆச்சு?"

"நெஞ்சளவு பத்தலையாம்க்கா."

"நெஞ்சளவா? நல்ல உலக்கை மாதிரி இருக்க, நெஞ்சளவு பத்தலையா? அவன் அளந்த டேப்புல என்ன கோளாறோ" என்று கரித்துக் கொட்டினாள். பிறகு ஆறு மாதம், தினமும் இரண்டு முட்டையாவது நான் தின்ன வேண்டும் என்று கட்டளை. பஸ்ஸில் ஆள் வந்தால் முட்டையைக் கொடுத்தனுப்புவாள். தவிட்டுக்குள் புதைத்து, கூடையில் வைத்து. அந்தப் பொய்யை நான் உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

பிழைப்புக்குத் தறி செட்டில், தறி ஓடுகிற கொட்டகையில், சேர்ந்தேன். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நிறம் தெரியாதவன் சேலை நெய்கிற இடத்திலா என்று. எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். நூல் கண்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, நுனியில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன். அரக்குச் சிவப்புக்கு ஒரு முடிச்சு, கரும்பச்சைக்கு இரண்டு, தவிட்டு நிறத்துக்கு மூன்று. விரலால் தடவினால் போதும். இரண்டு வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஐப்பசி மழையில் செட்டின் ஓடு ஒழுகி, சீட்டெல்லாம் நனைந்து உரிந்துபோன அன்றுதான் மாட்டிக்கொண்டேன். பாவு ஓட்டும்போது, அதாவது நீளவாக்கு இழைகளை வரிசைப்படுத்தும்போது, இரண்டு கரையும் கரும்பச்சையாக வர வேண்டிய சேலைக்கு ஒரு பக்கம் கரும்பச்சையும் ஒரு பக்கம் அரக்கும் ஓட்டிவிட்டேன். தறியில் ஏற்றி நாலு சேலை அறுத்த பிறகுதான் முதலாளி வந்து பார்த்தார்.

"ஏலே, இது என்னல? இடது கை பொண்ணு வீடு, வலது கை மாப்பிள்ளை வீடா?"

"சீட்டு நனைஞ்சு போச்சு மொதலாளி."

"சீட்டு நனைஞ்சா கண்ணும் நனைஞ்சு போச்சாக்கும்!"

செட்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் வேலையை விட்டுத் தூக்கவில்லை. பாவுப் பக்கம் போகாதே என்று சொல்லி, தறிகளுக்கு எண்ணெய் போட்டு ரிப்பேர் பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். அங்கேதான் எனக்கு அட்டைகள் பழக்கமாயின.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும். பூப்போட்ட முந்தி நெய்கிற தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை குத்திய அட்டைகளை மாலை மாதிரி கோத்து அதில் தொங்கவிடுவோம். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய இழை மேலே எழும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கிடந்தபடி கிடக்கும். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. இந்த இரண்டே பேச்சில் மாங்காயும் மயிலும் வந்துவிடும். அட்டை தேய்ந்தால் பழசைப் பார்த்துப் புதுசு குத்துவேன். பழசில் ஒரு ஓட்டை விட்டுப்போயிருந்தால் புதுசிலும் விட்டுப்போகும். ஒவ்வொரு சேலையிலும் மயிலுக்கு அதே இடத்தில் கண் இருக்காது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் எனக்குக் கல்யாணம். பெண் தேடவே இல்லை. அக்கா மகள்தான். எங்கள் வீடுகளில் தாய்மாமன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை பார்த்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். என்னைவிட ஆறு வயது இளையவள். திருநெல்வேலியில் விடுதியில் தங்கி பி.யூ.சி. படித்தவள். விஞ்ஞானப் பாடம் எடுத்தவள். என்னைவிட ஒரு வகுப்பு அதிகம். கட்டிய பிறகும் "மாமா" என்றுதான் கூப்பிட்டாள், சின்னப் பிள்ளையிலிருந்து கூப்பிட்டது மாதிரியே. அவளிடமும் நான் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுவருஷம் மகன் பிறந்தான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து மகள்.

மகன் பிறந்த அன்று எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள். நான் கண்ணைப் பார்த்தேன். அது கறுப்பாக, மினுமினுவென்று, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தது. இவனும் ஒரு நாள் அந்த அறைக்குப் போவான், இவனிடமும் ஒருவர் புத்தகத்தைத் திறந்து பிடிப்பார் என்கிற நினைப்பு அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. செட்டில் தறி ஓடும்போது நினைப்பேன். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கும்போது நினைப்பேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் மத்தியானம் வீட்டுக்கு வந்து, பிள்ளை என்ன பொம்மையை எடுக்கிறான் என்று பார்ப்பேன்.

"என்ன மாமா, எதையாவது மறந்துட்டியளா?"

"இல்லட்டி, சும்மா."

"சும்மா வாரதுக்கு வேகாத வெயில்தான் கிடைச்சுதா?"

மகனுக்கு ஆறு வயதானதும் நானே சோதிக்க ஆரம்பித்தேன். சட்டைப் பையில் எப்போதும் முடிச்சுப் போட்ட நூல் துண்டுகள் கிடக்கும். அவற்றை எடுத்து, "இது என்ன கலர் மக்கா?" என்பேன். "சிவப்பு" என்பான். முடிச்சைத் தடவிப் பார்ப்பேன். ஒன்று. சரி. "இது?" "பச்சை." இரண்டு. சரி. ஒவ்வொரு தடவையும் சரியாகவே சொன்னான். அன்றைக்கு மட்டும் நிம்மதி. மறுநாள் காலையில் கை பழையபடி சட்டைப் பைக்குப் போய்விடும். இப்படியே இரண்டு வருஷம்.

ஒரு நாள் முடிச்சு போடாத ஒரு நூல் பையில் கலந்துவிட்டது. எடுத்து நீட்டினேன். அவன் வாங்கி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"இதுல முடிச்சு இல்லையேப்பா" என்றான்.

இந்த இரண்டு வருஷமும் அவன் நூலைப் பார்க்கவில்லை, முடிச்சைத்தான் எண்ணியிருக்கிறான். நான் தடவுவதைப் பார்த்துப் பழகியிருக்கிறான். நிறம் தெரியாததால் எண்ணினானா, அல்லது எண்ணுவது விளையாட்டாக இருந்ததா? "முடிச்சு இல்லாம சொல்லுலே" என்று அதட்டினேன். "பச்சை" என்றான். நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சைதானா? அதைச் சொல்ல வேண்டியவன் நான், எனக்கே தெரியவில்லை. பரீட்சை வைத்தவனுக்கே விடை தெரியாத பரீட்சை அது. வேறு யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்காக வந்து வீட்டில் தங்கியிருந்தாள். அவள் வேறு, வந்ததிலிருந்து என் மகளைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கொல்லையில் நாலு கனகாம்பரச் செடி நின்றது. தலைக்குப் பூப்பறித்து வா என்றால், பாதிப் பூவைச் செடியிலேயே விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"ஏட்டி, செடி நெறைய பூவு சிரிக்குது, நீ ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து நிக்க. அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு, ஒடம்பு வளையாத ஜென்மம்."

நான் போய்ப் பார்த்தேன். செடியில் அவ்வளவு பூ இருந்ததாக எனக்குப் படவில்லை. "இருக்குறதைத்தானேக்கா பறிச்சிருக்கா" என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு தானே போய் இன்னொரு கூடை பறித்து வந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். ஆறு வயசுப் பிள்ளை. அந்தப் பார்வைக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. என் கவலையெல்லாம் மகன் மேலேயே இருந்தது.

அக்கா தேர் பார்க்கப் போன நேரத்தில், பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள் மனைவி. கரையான் ஏறுகிறதாம். இறக்கி உதறும்போது அவளுடைய பி.யூ.சி. நோட்டு விழுந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சும்மா புரட்டினேன். சதுரமும் வட்டமுமாகக் கோடு போட்டு இணைத்த ஒரு படம். கீழே அவள் கையெழுத்தில், 'நிறக்குருடு, பாலுடன் இணைந்த மரபுப் பண்பு' என்று எழுதியிருந்தது.

நின்றபடியே படித்தேன். முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை. நாலாம் தடவை, தறியின் அட்டையை நினைத்துக்கொண்டு படித்தபோது கொஞ்சம் பிடிபட்டது. அதை எனக்கு விளங்கிய மாதிரியே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாற்பத்தாறு அட்டை மாலைகள் இருக்கின்றன. குரோமோசோம் என்பது அதுதான். ஜோடி ஜோடியாக இருபத்துமூன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. தறி அட்டையில் ஓட்டை உண்டு, இல்லை என்று இரண்டு பேச்சுத்தான். இங்கே டி.என்.ஏ. என்கிற நீளமான இழையில் நாலு எழுத்து. அதை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படித்து, உடம்புக்கு வேண்டிய புரதத்தைச் செல் நெய்துகொள்கிறது. ஒரு பூவுக்கான அட்டைகள் மாதிரி, ஒரு வேலைக்கான துண்டு இழைக்கு ஜீன் என்று பெயர்.

கடைசி ஜோடிதான் ஆண், பெண் என்று பிரிப்பது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு குட்டையான ஒய். கண்ணுக்குள் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிற வேலைக்கான ஜீன்கள் எக்ஸில் இருக்கின்றன. பெண்ணுக்கு ஒரு எக்ஸில் ஓட்டை விட்டுப்போனாலும் இன்னொரு எக்ஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவளுக்கு நிறம் நன்றாகத் தெரியும். தான் ஒரு பழுதான அட்டையைச் சுமக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் பழுது என்றால் பழுதுதான். மாற்று கிடையாது.

இதற்குக் கீழே அவள் கோடு போட்டு எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. 'தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது.'

ஏன் செல்லாது? அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். எக்ஸைக் கொடுத்தால் அது மகளாகிவிடும். மகனின் எக்ஸ் அம்மாவிடமிருந்து வருகிறது. அப்படியானால் என் பழுது என் மகனுக்குப் போகவே வழியில்லை! எட்டு வருஷம் எதற்காக இப்படி அலைந்தேன்? சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தேன்.

"என்ன விசேஷம்?" என்றாள் மனைவி.

"தபசு இல்லையா, தோணுச்சு."

"தபசுக்கு அம்மன் ஒத்தக்கால்ல நிக்கா. நீங்க அல்வா தின்னுதியளாக்கும்" என்று இலையைப் பிரித்தாள். மகன் விரலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து அவள், "எங்க அம்மாவை உரிச்சு வச்சிருக்கான் பாருங்க. அதே நெத்தி, அதே வாய்" என்றாள்.

கையில் எடுத்த அல்வா கையிலேயே நின்றது.

அவளுடைய அம்மா என்றால் என் அக்கா. என் அக்காவுக்கும் எனக்கும் ஒரே அம்மா. என்னுடைய பழுதான எக்ஸ் எங்கிருந்து வந்தது? அம்மாவிடமிருந்து. அம்மாவிடம் நல்லது ஒன்று, பழுது ஒன்று இருந்திருக்கிறது. எனக்குப் பழுது வந்தது. அக்காவுக்கு எது போயிற்று? பழுது போயிருக்கப் பாதி வாய்ப்பு. அக்காவிடமிருந்து என் மனைவிக்கு வந்திருக்க அதில் பாதி. மனைவியிடமிருந்து மகனுக்கு வந்திருக்க அதிலும் பாதி. எட்டில் ஒன்று. நான் முன்வாசல் கதவைச் சாத்திவிட்டு அல்வா தின்றுகொண்டிருக்கிறேன், அது கொல்லைப்புறமாக, அக்கா வழியாகச் சுற்றி வந்து நிற்கிறது. வெளியே பெண் எடுத்திருந்தால் இந்தச் சுற்றே கிடையாது. அக்கா மகளைக் கட்டியதால் வந்த கணக்கு இது.

மகளைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரி இருந்தது. 'பெண்களிடம் மிக அரிது.' படித்தேன். அரிது என்றால் வராது என்று நானே அர்த்தம் செய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மகளுக்கு என்னுடைய பழுதான எக்ஸ் போயே தீரும், கொடுக்க என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மனைவியிடமிருந்தும் ஒன்று வர வேண்டும், அதற்கும் அதே எட்டில் ஒன்றுதான் வாய்ப்பு. மகனுக்குப் போட்ட இந்தக் கணக்கை அன்றைக்கு மகளுக்கு நான் போடவே இல்லை.

மறுநாள் செட்டில் ஒரு பெட்டிக்கு அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அதற்கு மறுநாள் எண்ணெய்க் குப்பியைப் பாவின் மேலேயே கவிழ்த்தேன். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் எங்கே போக என்று தெரியாமல் திரும்ப உட்காருவேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அக்கா கோயிலுக்குக் கிளம்பியதும், மனைவி கதவைச் சாத்திவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க. எங்கயும் கைமாத்து வாங்கிட்டியளா? இல்ல, ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லட்டி."

"ஒண்ணுமில்லாததுக்கா என் நோட்டைத் தலகாணிக்கு அடியில வச்சிருக்கிய?"

சொன்னேன். மதுரை, புள்ளிப் புத்தகம், முடிச்சு, எட்டில் ஒன்று, எல்லாம். பாதி வரைக்கும் அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. திடீரென்று நிமிர்ந்தாள்.

"அதான் நிச்சயத்துச் சேலையைப் பார்த்துட்டு 'மண் கலர் உனக்கு எடுப்பா இருக்கு'ன்னு சொன்னியளா? அது கிளிப்பச்சை மாமா! நக்கல் பண்ணுதியன்னு அன்னைக்குப் பூரா அழுதேன்."

"நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு."

"பேசாதிய! நூலை வச்சுப் பிள்ளையைச் சோதிச்சாராம், இவரு. எட்டு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல பார்த்திருக்க மாட்டேனா?"

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. செட்டிலிருந்து நான் துடைக்கக் கொண்டுவந்து வைத்திருந்த கழிவு நூலை எடுத்தாள். முடிச்சு விழுந்த நுனியையெல்லாம் கத்தரித்து ஒரே அளவாக நறுக்கினாள். தரையில் கலந்து போட்டு மகனைக் கூப்பிட்டாள். "ஒரே கலரை ஒண்ணாச் சேருலே." அவன் குந்தி உட்கார்ந்து சரசரவென்று பிரித்தான். நான் அவன் கையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு குவியல் ஆனதும் அவள் சிரித்தாள்.

"எல்லாம் சரி மாமா. உங்க மகன் ரயிலுக்குச் சிக்னலும் பார்ப்பான், சேலையும் எடுப்பான்."

"அப்ப ஏம்லே முடிச்சை எண்ணுன?" என்று அவனைக் கேட்டேன்.

"நீங்க எண்ணுனிய, நானும் எண்ணுனேன்" என்றான்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத மாதிரி ஒன்று வந்தது. பக்கத்தில் நின்ற மகள், "நானும், நானும்" என்று நூலைத் திரும்பக் கலைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூன்று குவியல் வந்தது. பார்த்தேன். அழகாக, ஒழுங்காக இருந்தது.

"பார்த்தியா, இவ அண்ணனைவிட நல்லாப் பிரிச்சுட்டா" என்றேன்.

மனைவி ஒரு குவியலில் கையை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு இழையாக எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள். இதை இங்கே, அதை அங்கே. எனக்கு அவள் எதற்காகப் பிரிக்கிறாள் என்றே விளங்கவில்லை. ஒரே நிறத்தை ஏன் இரண்டாக வைக்கிறாள்? பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் விளங்கியது.

எனக்குச் சரியாகத் தெரிந்ததுதான் அதில் தவறு.

மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பாம்மா?" என்று கேட்டாள். "தப்பில்ல கண்ணு" என்று மனைவி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கொல்லைக் கனகாம்பரச் செடி நினைவுக்கு வந்தது. பச்சை இலைக்குள் அந்தப் பூ அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பாதிப் பூவை விட்டுவிட்டு வந்ததற்காக வாங்கிய திட்டெல்லாம் என் கணக்கில் வாங்கிய திட்டு.

அக்கா வந்ததும் மனைவியே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா நம்பவே இல்லை.

"அப்ப நெஞ்சளவு?"

"நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

"அப்ப நான் அனுப்புன முட்டை?"

"அதும் நல்லாத்தான் இருந்துச்சு."

கையில் கிடைத்த விசிறியால் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு விசிறியைக் கீழே வைத்தாள். கணக்கு அவளுக்கும் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். அக்கா புருஷன், என் அத்தான், தாலுகா ஆபீஸில் சிவப்பு மையா பச்சை மையா என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்து வாங்குகிறவர், அவர் கண்ணில் பழுதில்லை. மனைவியிடம் இருந்த பழுது அக்காவிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

"என் வழியாத்தான் வந்துச்சா பிள்ளைக்கு? நானே அவளைத் திட்டிக்கிட்டும் இருந்தேனே" என்றாள்.

"யாரும் பார்த்தா குடுக்காங்க, நீ சும்மா இரும்மா" என்றாள் மனைவி. "இதுல பாவமும் இல்ல, நோயும் இல்ல. தெரிஞ்சுக்கிடணும், அவ்வளவுதான்."

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கே அடுத்த கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. மகளிடம் இருப்பது இரண்டும் பழுது. அவளுக்கு நாளை பிறக்கிற ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது உண்டு, அதில் பாதி, எட்டில் ஒன்று என்ற பேச்செல்லாம் கிடையாது. இன்னும் பிறக்காத பிள்ளைகள் வரிசையாக அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். நான் எழுந்து நூல் துண்டுகளை எடுத்து, அவளுக்காக முடிச்சுப் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மனைவி வந்து பார்த்தாள். "என்ன செய்யுதிய?"

"இவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு."

"எதை? ஒளிச்சு வைக்கவா?" என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள். "அவ டிராயிங் நோட்டுல டீச்சர் 'கவனம் போதாது, பிரம்படி கிடைக்கும்'னு எழுதியிருக்காவ. அதுக்குப் போய்ச் சொல்லுங்க முதல்ல."

அந்த நோட்டை நானும் பார்த்திருக்கிறேன். மா இலைக்குத் தவிட்டு நிறம் பூசியிருந்தாளாம். நன்றாக இருக்கிறது என்று நான் தட்டிக்கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டீச்சர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது வராதே? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"அரிதுன்னு இருக்கு டீச்சர். வராதுன்னு இல்ல. நான் எங்க அக்கா மகளைக் கட்டியிருக்கேன். எனக்கும் இது இருக்கு."

அப்படிச் சத்தமாக வெளியாளிடம் நான் சொன்னது அன்றைக்குத்தான். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. மேசையிலிருந்த டப்பாவில் துழாவி, ஒரு சாக்பீஸை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன கலர், சொல்லுங்க பார்ப்போம்."

பழக்கம் விடவில்லை. விரல் தானாகவே சட்டைப் பையைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. பச்சை என்று சொல்லிப் பார்க்கலாம், பாதி வாய்ப்பு இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் அவசரப்படுத்தியது. மகள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை டீச்சர்" என்றேன்.

அவர் சாக்பீஸை அவள் பக்கம் திருப்பினார். "நீ சொல்லு."

அவள் சாக்பீஸைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எனக்கும் தெரியலை" என்றாள்.